ஐரின் பெயரில் ஒரு சீட்டு

சேஷகிரியின் மருந்துக் கடையில் அந்த போர்டு ஏறியபோது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எல்லோரும் சிரித்தார்கள். 'டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தரப்படாது.' மருந்து ஆய்வாளர் வந்து கண்டித்துவிட்டுப் போயிருந்தார். அதுவரை சளி என்றாலே மூன்று மாத்திரையை வெட்டிக் கொடுத்த மனுஷன், திடீரென்று சட்டம் பேசினான்.

சட்டத்துக்குக் குறுக்கு வழி கண்டுபிடித்தது எங்கள் சர்ச் ஆட்கள்தான். எப்போதோ தொண்டைப் புண்ணுக்கு டாக்டர் எழுதிய சீட்டை என் மனைவி ஐரின் போட்டோ எடுத்து, பாடகர் குழு வாட்ஸ்அப்பில் போட்டாள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைக் காட்டினால் போதும். காட்டுவது யார் என்று சேஷகிரி கேட்கமாட்டான். பில்லில் ஐரின் என்று அடித்துக் கொடுத்துவிடுவான். ஐரினும் அதையே வாங்கி விழுங்குவாள், தேறியதும் மிச்சத்தை டப்பாவில் போட்டுவிடுவாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிற கை அவளுடையது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகு அவளுக்குச் சிறுநீரில் கிருமி வந்தது. சாதாரண வியாதி என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அது ரத்தத்தில் ஏறிவிட்டது.

"எந்த மருந்துக்கும் கேக்க மாட்டேங்குது, தியோடர்," என்றார் டாக்டர் நிருபமா. "கண்டபடி மாத்திரை போட்டா கிருமிக்கு மருந்து பழகிடும். அந்தக் கிருமி ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கும் போகும்."

"கடைசியா ஏதாவது ஒண்ணு இருக்குமே, மேடம்?"

"அதைத்தான் நேத்துலேர்ந்து குடுத்துட்டு இருக்கோம்."

மறுநாள் மத்தியானம் ஐரின் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம், என் பிரஷர் மாத்திரைக்காகக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் எங்கள் சர்ச்சுப் பெண் பெட்டி நின்றிருந்தாள். பாடகர் குழுவில் ஐரினுக்குப் பக்கத்தில் நிற்பவள். என்னைக் கவனிக்காமல் போனைக் காட்டினாள். சேஷகிரி கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தான்.

"பேரு ஐரின். வயசு நாப்பத்திமூணு."

"அவ செத்துட்டாடா!" என்று கத்தினேன்.

பெட்டி திரும்பிப் பார்த்து அழுதுவிட்டாள். "எம் பையன் ஷெர்வினுக்கு ஜுரம் கொதிக்குது அண்ணா. நான் வேற என்ன பண்ணுவேன்?"

சேஷகிரி கையைப் பிசைந்தான். "சாரி சார், தெரியாது. அப்டின்னா இந்தச் சீட்டு நடக்காது. ரூல்ஸ் இல்லையா?" பிறகு பெட்டியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "மேடம், உசிரோட இருக்கறவங்க சீட்டு ஏதாவது இருக்கா?"

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், "பாவம்மா, குழந்தை," என்று சொல்லிக்கொண்டே தன் சீட்டு இருந்த போனை அவளிடம் நீட்டினார்.