உதயாவின் கால், ரகுபதியின் குரல்

அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை முடிய ஒரே ஒரு நாள் பாக்கி. இத்தனை நாளில் விசைப்படகு டிரைவர் ரகுபதி, வீட்டு வாசலுக்கும் காசிமேட்டுத் துறைமுகத்துக்குமாக நடந்த நடையைக் கூட்டினால் இலங்கையை மூன்று சுற்று சுற்றி வந்திருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அவன் நடக்கவே கூடாது என்பதுதான் டாக்டர் உத்தரவு. வலது பெருவிரலுக்குக் கீழே சர்க்கரைப் புண். ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் மூன்று நாள் ஆணியோடு உலா வந்தவன் அவன். செருப்பு காலைவிட்டுக் கழல மாட்டேன் என்கிறதே என்று செருப்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.

படகு முதலாளி ஞானபாக்கியம் அம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"டாக்டர் சீட்டு இல்லாம என் போட்டுல ஏறாத நைனா. வேற டிரைவரு ரெடியா கீறான்."

தடை முடிந்து முதல் பயணம் போகிற டிரைவருக்குத்தான் வருஷம் முழுக்க அந்தப் படகு. புண்ணோ, ஆறுகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு மறுபடி கசிய ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயத்தில் ராயபுரத்தில் ஒரு ரேஷன் கடை மாடியில் டெலிமெடிசின் அறை திறந்திருந்தார்கள். ஒரு டி.வி., ஒரு கேமரா, அனுமார் வால் நீளத்துக்கு ஒயர். ஊருக்குள்ளே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபடியே டாக்டர் சௌமியா கால்களைப் பார்ப்பார். ஆரம்பத்தில் பெரிய பேஜாராகிவிட்டது. டி.வி.யில் டாக்டரம்மா முகம் தெரியும்போது அதற்கு நேரே உள்ளங்காலை நீட்ட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டே ஓடினார். எண்ணூரில்தான் போய் நின்றாராம். ஒரு அம்மாள் காலை நீட்டிய பாவத்துக்கு டி.வி.க்குச் சூடம் காட்டி, அதன் ஓரத்தைப் பொசுக்கினாள். நர்ஸ் ஃப்ளோரன்ஸ் பார்த்தாள், ஒரு பச்சைத் திரையைக் கட்டிவிட்டாள். நோயாளி திரைக்குப் பின்னால் நாற்காலியில். கால் மட்டும் அடியில் நுழைந்து ஸ்டூல் மேல். முகத்தைப் பார்த்தால்தானே பாவம்?

ரகுபதியின் மூளையில் விளக்கு எரிந்தது அங்கேதான். தன் படகிலேயே வலை இழுக்கும் உதயாவைத் துணைக்கு என்று சொல்லி அழைத்து வந்தான். திரைக்குப் பின்னால் நாற்காலியில் உதயா. பக்கத்தில் ஒரு நிமிஷம் நிலைகொள்ளாமல் கால் மாற்றி மாற்றி நிற்கும் ரகுபதி. கால் அவனுடையது, குரல் இவனுடையது.

"ரகுபதி, புண் இருந்த தடமே இல்லையே!" டி.வி.யில் டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். படம் வேறு பட்டை பட்டையாக இழுத்துக்கொண்டிருந்தது.

"நீங்க குட்த்த மருந்து அப்பிடி மேடம்."

"கணுக்கால் லேசா வீங்கின மாதிரி தெரியுதே?"

"எங்க ஏரியா கொசு மேடம். புறா சைஸ்ல கீது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, சிஸ்டர், உணர்ச்சி இருக்கான்னு பார்த்துடுங்க. ரகுபதி, பட்டதும் சொல்லணும்."

ஃப்ளோரன்ஸ் ஒரு குச்சியை எடுத்தாள். அதன் நுனியில் தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி மாதிரி ஒரு நைலான் நரம்பு. அது பட்டதும் உதயா முழங்கையால் இடிக்க வேண்டும், ரகுபதி "தெரியுது" என்று சொல்ல வேண்டும். இதுதான் ஏற்பாடு.

இடி வரவில்லை. ரகுபதி திரையின் ஓரத்தை விலக்கி எட்டிப் பார்த்தான். நரம்பு உதயாவின் உள்ளங்காலில் குத்தி வில்லாக வளைந்து நிற்கிறது. உதயாவோ சுவரில் பல்லியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"தெரியுது," என்றான் ரகுபதி. குதிகாலில் வைத்தாள். "தெரியுது." விரலில் வைத்தாள். "ஷோக்கா தெரியுது."

"பிரமாதம். சீட்டு எழுதிக் குடுங்க சிஸ்டர். கடலுக்குப் போகட்டும்."

ரகுபதிக்குக் காசிமேடே கைக்கு வந்த மாதிரி இருந்தது. அப்போது உதயா அவன் சட்டையை இழுத்து, காதோடு கேட்டான்: "எப்ப மாமு ஆரம்பிப்பாங்க? பசிக்குது."

ரகுபதி குனிந்து, திரைக்கு அடியில் கைவிட்டு உதயாவின் கால் சுண்டுவிரலை நண்டு கவ்வுகிற மாதிரி கிள்ளினான். உதயா கொட்டாவி விட்டான்.

திரைக்கு மேலே ஒரு கை சீட்டை நீட்டியது. வாங்கிக்கொண்டான். கடலுக்குப் போய்த் திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம், பத்தே நாள் பயணம்தானே? பத்து நாள். ஈரத் தளம், நங்கூரச் சங்கிலி, திருக்கை வால், பலகைக்குப் பலகை ஆணி. எதுவும் உதயாவின் காலுக்குத் தெரியப்போவதில்லை. ரகுபதி கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றான். மறு காலுக்கு மாறினான். சீட்டை மடித்தான், பிரித்தான்.

பிறகு திரையைப் பிடித்து இழுத்தான். கம்பி, கொக்கி, கொஞ்சம் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து வந்தது.

டி.வி.யில் டாக்டரம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. படம் உறைந்ததா, அவரே உறைந்தாரா தெரியவில்லை.

"காலு இந்த உதயாது மேடம், கொரலு என்து. தங்கூசி பட்டது இவனுக்குத் தெர்ல. ஆணி ஏறினப்ப எனுக்கும் இப்பிடித்தான் மேடம்."

"யோவ், யாரை டபாய்க்கிறீங்க?" ஃப்ளோரன்ஸ் போட்ட சத்தம் கீழே ரேஷன் வரிசையைக் கலைத்தது.

"சிஸ்டர், அப்புறம் திட்டலாம். உதயாவோட ரெண்டு கணுக்காலையும் தொட்டுப் பாருங்க."

ஃப்ளோரன்ஸ் தொட்டாள். "இடது சில்லுனு இருக்கு மேடம். வலது கொதிக்குது."

டாக்டரம்மாவின் குரல் தணிந்தது. "உதயா, அந்தக் காலைத் தரையில வைக்காதீங்க. உங்களுக்கும் சர்க்கரைன்னு தோணுது, உள்ள எலும்பு நொறுங்க ஆரம்பிச்சிருக்கலாம். இன்னிக்கே வாங்க. மாவுக்கட்டு போட்டா காலைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

"எலும்பா? மாடிப்படி ஏறித்தானே மேடம் வந்தேன்! ஒரு வலி இல்லியே!"

"அதான் எனக்குப் பயம். ரகுபதி, நீங்களும் கூட வர்றீங்க."

ரகுபதி சீட்டை ஃப்ளோரன்ஸ் கையில் வைத்தான். அவள் அதை நாலாகக் கிழித்தாள்.

இருவருமே கால் ஊன்றக் கூடாதாம். ரேஷன் வரிசையில் நின்ற பாதிப்பேர் மேலே வந்து, ஆளுக்கொரு நாற்காலியில் வைத்து, உற்சவர் மாதிரி இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். துறைமுகப் பக்கம் படகுகள் இன்ஜினைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ரெண்டு பேர் பொயப்புலயும் மண்ணள்ளிப் போட்டியே மாமு," என்று உதயா வழியெல்லாம் அர்ச்சனை செய்தான். பாலம் தாண்டியதும் அவன் குரல் இறங்கியது. "மாமு, நெசமாவே கிள்ளினியா?"

"நண்டு மாதிரி."

உதயா தன் வலது காலை, வேறு யாருடையதோ போலக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி, நீ எதுக்குக் காலை ஆட்டிக்கினே வர? குந்துறதுக்கே இடம் இல்ல."

"ஆட்டலடா," என்றான் ரகுபதி. "அது தானா ஆடுது."