தானமா, கிரயமா

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” அடுப்படியில் நின்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

வெல்டர் எட்டிப் பார்த்தான். முன்னறையில் அவனுடைய அக்கா தேநீரை ஆறவிட்டு, வீட்டின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா விட்டுப்போன காலிமனையில் மூன்று படுக்கையறையோடு எழும்பப்போகும் வீடு. மனையில் பாதி சட்டப்படி அக்காவுக்கு. அவள் எழுதிக் கொடுக்காமல் வங்கியில் கடன் கிடைக்காது.

கடைசியில் அவனே போய் எதிரில் உட்கார்ந்தான்.

“உன்கிட்ட விலைக்கு வாங்கினதா எழுதினா சொத்து மாற்று வரி எக்கச்சக்கமா வருதுக்கா. தானமா குடுத்ததா எழுதினா பேருக்குத்தான் வரியாம். பத்திரம் எழுதுறவர் சொன்னாரு.”

“எழுதறது தானம்னு. சரி. என் பங்குக்கு?”

மனைவி அடுப்படி வாசலுக்கு வந்தாள். “கட்டிக் குடுத்த பொண்ணுங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போறதுதானே அண்ணி வழக்கம்? எங்கண்ணனுக்கு நானும்தான் போட்டேன்.” சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப்போனது.

“எப்ப வரணும்?” என்று மட்டும் கேட்டாள் அக்கா.

ஒரு சண்டை போட்டிருந்தால் வெல்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். புருஷன் செத்த பிறகு சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைப்பவள் அவள். அவன் வெல்டிங் படித்த இரண்டு வருஷமும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டான். மறுநாள் அவளைக் கூட்டிவரப் போனபோது, அவளுடைய வாடகை அறையில் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி இருந்தது. “போலாமாக்கா?” என்றான்.

பதிவு அலுவலகத்தில் பதிவாளர் பத்திரத்தை உரக்கப் படித்தார். ‘உடன்பிறந்த அன்பினால், மனமுவந்து’ என்ற இடத்தில் வெல்டருக்குக் காது சுட்டது.

“பணம் எதுவும் வாங்கலையேம்மா?”

“வாங்கலைங்க.”

“மனசாரத்தானே குடுக்கறீங்க?”

“இல்லைங்க.”

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அக்கா…”

“மனை உனக்குத்தான்டா. வேற யாருக்கும் தரமாட்டேன். ஆனா வித்தேன்னு எழுது. தானம்னு எழுதிட்டா நான் பெரிய மனசுக்காரின்னுதான் இருக்கும். எனக்குன்னு ஒரு பங்கு இருந்துச்சுன்னு எங்கயும் இருக்காது.”

“வரி…”

“கட்டு. ஊர்ல எல்லாரும்தான் கட்டறாங்க.”

வெளியே மரத்தடியில், பத்திரம் எழுதுபவர் முணுமுணுத்துக்கொண்டே கிரயப் பத்திரத்துக்கு நாள் குறித்தார். “விலை என்ன போடறது?” என்றார். வெல்டர் அக்காவின் பக்கம் திரும்பினான். அவளிடமிருந்து எத்தனையோ வாங்கியிருக்கிறான். என்ன விலை என்று கேட்டது அன்றுதான். பக்கத்து மனை போன விலையை அவள் தடுமாறாமல் சொன்னாள். அவன் பேரம் பேசவில்லை.

வீட்டில் பூகம்பம் கிளம்பும் என்று நினைத்துத்தான் போனான். விலையும் வரியும் சேர்த்தால் ஒரு படுக்கையறை போச்சு என்றதும் மனைவி வரைபடத்தை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அண்ணி வாய் விட்டே கேட்டாங்களா? அத்தனை பேர் முன்னாலயா?” அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான். அங்கே இருந்தது கோபமில்லை.

சுவர் இடுப்பளவு எழும்பிய நாளில் கொத்தனார் கரண்டியை நிறுத்திக் கேட்டார். “மூணு ரூம்னு பேசினதை ரெண்டாக்கினது இதுக்குத்தானா? அக்காவுக்குப் பணம் குடுத்தியாமே! தெருவே பேசுது. கூடப் பொறந்தவன்கிட்டயே விலை கேட்டிருக்கா பாரு. உனக்குத் தங்கமான மனசுப்பா.”

வெல்டர் கூசிப்போனான். இத்தனை நாளும் தெருவில் கிடைத்த அந்தப் பாராட்டைத் தலையாட்டித்தான் வாங்கிக்கொண்டிருந்தான்.

“நான் குடுக்கலண்ணே,” என்றான். “அக்காவோட மனை. வாங்கினேன்.”

கொத்தனார் அடுத்த செங்கல்லைக் கையில் எடுத்தார்.

“எல்லாம் ஒண்ணுதானப்பா,” என்றார்.