நேரில் பார்க்காமல் சீட்டு கிடையாது

அந்தக் கேள்வியை நான் போனில் கேட்டிருக்கக் கூடாது. குன்னூரில் பதினாறு வருஷமாகக் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ராஜப்ரியாவுக்கு, அதாவது எனக்கு, இது தெரியாதா? தெரியும். கொரோனா ஊரடங்கில் எல்லாரையும் போனிலேயே பார்த்துப் பார்த்துப் புத்தி மழுங்கிப் போயிருந்தது.

சுமலதா பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். தலைவலி என்று கூப்பிட்டாள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தலைவலி. குரலும் சரியில்லை. "ஊட்டுக்காரர் அடிக்கறாருங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குப் பதில் ஓர் ஆண்குரல், "தலவலிக்கு மாத்திர பேர மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா" என்றது. அவள் புருஷன் பாலகுமார். போன் அவனுடையது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

மறுநாள் முதல் அந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை.

பாலகுமாருக்கு டீ பேக்டரியில் வேலை. தேயிலை விலை படுத்துவிட்டதால் பேக்டரி வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. கொரோனா வந்து அதையும் நிறுத்தியது. கொழுந்து பறிக்க மட்டும் கொஞ்சம் ஆள் எடுத்தார்கள். எஸ்டேட் கிளார்க் வசந்த்குமாரைக் கூப்பிட்டு விசாரித்தேன். "ஆம்பளைக்கு வேலையில்லீன்னா கோவம் வரத்தானுங்க செய்யும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலை அவளுக்கும்தான் விழுந்தது. அவள் யாரைப் போய் அடித்தாள்?

ஆறாம் நாள் பாலகுமாரே கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு பணிவு.

"சுமலதா நாலு நாளா வேலைக்குப் போகலங்க. சீட்டு இல்லாம பேர் போட மாட்டேங்கறாங்க. வாட்ஸ்அப்புல ஒரு சீட்டு அனுப்பிடுங்க டாக்டரம்மா."

எஸ்டேட்டில் மூன்று நாளுக்கு மேல் லீவு போட்டால், உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் சீட்டு வேண்டும். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து எத்தனையோ பேருக்கு முகத்தைப் பார்க்காமலே அனுப்பியிருக்கிறேன்.

"நேர்ல பாக்காம சீட்டு கெடையாதுங்க. கூட்டிட்டு வாங்க" என்றேன்.

அவள் கூலி வேண்டுமே அவனுக்கு. கூட்டிக்கொண்டு வந்தான்.

நர்ஸ் அங்கம்மா வாசலிலேயே அவனை மறித்து, சுண்ணாம்பு வட்டத்துக்குள் நிறுத்தினாள். "உள்ள ஒருத்தரத்தானுங்க விடுவோம். கொரோனா ரூலு." அவன் முறைத்தான். "நீங்க புருசன்னு கொரோனாவுக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சுமலதாவை வீட்டுக்குள் அடைத்த ரூல், கால் மணி நேரத்துக்காவது அவனை வெளியே நிறுத்தியது.

சுமலதா வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றியிருந்தாள். பிரித்துப் பார்த்தேன். இரண்டு விரல்கள் கறுத்து, வீங்கி, வளைந்திருந்தன. கொழுந்து கிள்ளும் விரல்கள்.

"போன்ல நான் அப்படிக் கேட்டது தப்புங்க. மன்னிச்சுக்கங்க."

"நீங்க ஒரு கேள்வி கேட்டுட்டுப் போன வச்சிட்டீங்க டாக்டரம்மா. அதுக்கு அவர்கிட்ட அடி வாங்கி நான்தானே பதில் சொன்னேன்?"

அவள் அழவில்லை. என் மேல் கோபமாகத்தான் இருந்தாள். இருக்கட்டும், அந்தக் கோபம் எனக்கு வேண்டியதுதான்.

"இப்ப என்ன பண்ணோணும்னு நீங்க சொல்லுங்க. நானா ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"அந்த வூட்டுக்கு இனி போக மாட்டேன். நெல்லியாளத்துல எங்கக்கா இருக்கு."

என் போனிலிருந்து அக்கா காளியம்மாளிடம் பேசினாள். பெண்கள் உதவி எண்ணுக்கும் அவளே பேசினாள். நான் அவள் உடம்பிலிருந்த காயங்களை ஒன்றுவிடாமல் எழுதி, அவள் சொன்ன காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கம்மா ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். முதலில் அரசு ஆஸ்பத்திரி, விரலுக்கு எக்ஸ்ரே. அக்கா நேரே அங்கே வந்துவிடுவாள்.

ஆம்புலன்ஸ் வந்ததும் பாலகுமார் வட்டத்தைத் தாண்டி ஓடி வந்தான். நோயாளியைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்று டிரைவர் தடுத்தார். சுமலதா அவனைத் திரும்பியும் பார்க்காமல் ஏறினாள். வண்டி போய்விட்டது.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். என்னிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு உண்டு. என்ன நோய், என்ன மருந்து என்று நான் எழுதிக் கொடுப்பேன், அவர்கள் வீட்டில் வைத்திருப்பார்கள்.

"அவ எப்பவும் வுழுவா டாக்டரம்மா. நீங்களே எழுதியிருக்கீங்களே. போலீஸ் வந்தா இதத்தான் காட்டுவேன்."

திறந்து நீட்டினான். படியில் வழுக்கி விழுந்தது. கதவில் இடித்துக்கொண்டது. தோட்டத்தில் விழுந்தது. மூன்று வருஷமாக எழுதியது, எல்லாம் என் கையெழுத்து. அவன் பக்கத்தில் நிற்க அவள் சொன்னதையெல்லாம், தலை நிமிராமல் எழுதித் தள்ளியிருக்கிறேன். அவனை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. அதில் பாதிக்கு மேல் என் மேல்தான்.

"காட்டு" என்றேன். ஒரு நோயாளியின் வீட்டாரை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "மறக்காம எடுத்துட்டு வா. நானும் வர்றேன். எழுதுனது நான்தான், எழுதுனது அத்தனையும் பொய்யின்னு நானே சொல்றேன்."