அணைத்த பிறகும் எரிந்த பல்பு

பல்பு ரிப்பேர்காரரின் சமையலறை பல்பு, சுவிட்சை அணைத்த பிறகும் ஆறு வருஷம் நான்கு மாதம் எரிந்தது. அணைத்தது அவர் மனைவி. மத்தியானம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மின்வாரியத்தார் மூன்று முறை மீட்டரை மாற்றினார்கள், கம்பத்தில் ஏறி ஒயரையே கழற்றிப் பார்த்தார்கள், கடைசியில் அந்த வெளிச்சத்திலேயே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். ரிப்பேர்காரருக்குக் காரணம் தெரியும். சுவரிலிருந்து வரும் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் அல்லாடும். பல்புக்குள் இருக்கும் நாலு டயோடு அதை ஒரே திசையில் நடக்கவைக்கும். அந்த நடையில் விழும் பள்ளங்களை நிரப்ப, நகமளவு கண்டன்சர் ஒன்று கொஞ்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். சுவிட்சை அணைத்தாலும் அதில் மிச்சம் இருக்கும். மற்ற வீடுகளில் அது கண்சிமிட்டும் நேரத்துக்கு வரும். இவர் வீட்டில் தீரவில்லை, அவ்வளவுதான்.

"மாமா, அக்கா போட்ட லைட்டு இன்னுமா எரியுது?" என்பாள் வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் மச்சினி.

"போட்டதில்லம்மா. அணைச்சது."

அவள் போய்விட்டால் பேச்சுத்துணைக்குப் பல்புதான். தினமும் செய்தித்தாளை வானிலை வரை அதற்கு வாசித்துக் காட்டி, தாள்களை மூலையில் அடுக்கினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பல்பு அணைந்தது. மூடியைக் கழற்றினால், வெளிச்சம் தரும் ஒன்பது எல்.இ.டி. சிப்பில் ஒன்று கறுத்திருந்தது. எல்லாம் சீரியலில் கோத்தவை, ஒன்று போனால் ஒன்பதும் போச்சு. கறுத்ததன் மேல் ஒரு சொட்டு ஈயம் வைத்தால் மற்ற எட்டும் எரியும். ஆனால் போர்டைத் தொடும் முன் கண்டன்சரின் இரண்டு காலையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்து, உள்ளே இருப்பதைக் கொட்டிவிட வேண்டும். லட்சம் பல்புக்குக் கொட்டியவர், இதற்கு மட்டும் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி வியாழன் வரை உட்கார்ந்திருந்தார். கொட்டினால் மனைவி விட்டுப்போனது ஒரு பொறியாகப் போய்விடும். வியாழன் மத்தியானம், கொட்டாமலே வெறுங்கையால் தொட்டார்.

கரண்ட் அடித்த அடியில் ஏழு தெருக் காக்கைகளும் எழும்பின. செய்தித்தாள் குவியலில் மல்லாந்து, கால் இரண்டும் அந்தரத்தில் நிற்கக் கிடந்தவர் காதில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது: "செருப்பைப் போட்டுக்கிட்டு வேலை பாருங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

பல்பு அப்புறம் எரியவில்லை. கண்டன்சர் காலி. அதற்குப் பதிலாக அவருடைய பத்து விரல் நகங்களும் பல்பு மாதிரி எரிந்தன. வெறுங்காலால் தரையை மிதித்தால் அத்தனையும் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? காலை இறக்காமலே கை நீட்டி ரப்பர் செருப்பை எடுத்து மாட்டினார். குளிக்கும்போதும் தூங்கும்போதும் அதோடுதான்.

அடுத்த முறை மீட்டர் பார்க்க வந்தவர், இருட்டுச் சமையலறையில் அவர் நக வெளிச்சத்தில் சட்டைக்குப் பொத்தான் தைப்பதைப் பார்த்தார்.

"லைட்டு போடலியா சார்?"

"எரியுதே."

மீட்டர்காரர் அவர் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அட்டையில் பூஜ்யம் எழுதினார். "செருப்பைக் கழட்டிடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.