கதாநாயகிக்கு இன்னும் பலம் வரவில்லை

1.
இந்தக் கதை பதிப்பாசிரியரின் தொலைபேசி அழைப்பில் பிறந்தது. "உங்க கதாநாயகி ரொம்ப சௌக்கியமா இருக்காங்க சார். எதையாவது இழக்க விடுங்க. அடி விழ விழத்தானே பாத்திரம் பலமாகும்?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. [அடி வாங்கப்போவது நானில்லை என்பதால் இருக்கலாம்.]

2.
கதாநாயகி சலவைக்கடைக்காரி. என் அக்காவும் அதேதான். அவள் கடையின் மூலையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும்.

முதல் தொடக்கம்: 'அவள் கணவன் இறந்த அன்று வானம்—'

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.

இரண்டாம் தொடக்கத்தில் கணவனை முதல் வரியிலேயே கொன்றேன். போதவில்லை. உயிர்த்தோழியைப் பிரித்தேன். அப்போதும் சுமாராகத்தான் நின்றாள். கடையைக் கொளுத்தினேன். சாம்பலுக்கு நடுவில் நிமிர்ந்தாள் பாருங்கள், எனக்கே புல்லரித்தது.

3.
அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"கடையை எதுக்குடா கொளுத்துன?"

"அப்பதான்க்கா அவளுக்குப் பலம் வரும்."

"வரட்டும். உள்ள ஊரார் துணி கிடந்துச்சே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

நான் யோசிக்கவில்லை. அவசரமாக ஒரு வரி சேர்த்துத் துணிகளை மட்டும் காப்பாற்றினேன். நெருப்பு திடீரென்று மரியாதை தெரிந்த நெருப்பாகிவிட்டது.

4.
அதோடு விட்டிருக்கலாம்.

"மாமா போனப்புறம் நீயும் பலமாத்தானேக்கா ஆன?"

அக்கா ஒரு பேண்ட்டின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"பலமா? நீராவி மெஷின் மூடி அவர் கைக்குத்தான் திறக்கும். இப்ப தினமும் எதிர்க்கடை சாவிக்காரரைக் கூப்பிடறேன். அந்த மனுஷனும் முனகிக்கிட்டேதான் வர்றாரு. துக்கம் கேக்க வந்தவங்க எல்லாம் 'நீ தைரியசாலி'ன்னுட்டுப் போயிட்டாங்க. அப்படிச் சொல்லிட்டா அப்புறம் எப்படிடா அழறது? கடையில வேற கூட்டம்."

5.
முடிவுகள் கைவசம் இருந்தன.

(அ) கதாநாயகி ஊரெங்கும் கிளைகள் திறக்கிறாள். "அத்தனை மூடியையும் யாரு திறக்கறது?" என்றாள் அக்கா.

(ஆ) கதாநாயகி சாவிக்காரரை மணக்கிறாள். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்ததால் இதை நானே அடித்துவிட்டேன்.

(இ) 'இழப்பு அவளை—'

இது இங்கேயே நிற்கிறது. அக்கா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் கடையைப் பாத்துக்கடா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்கிறது. தண்ணீர் சத்தம் மட்டுமல்ல.

பேனாவை மூடிவிட்டு எழுந்தேன். ஒருவர் சலவைக்குப் போட்ட கோட்டை இன்னொருவருக்குக் கொடுத்து அனுப்பியாயிற்று. இப்போது வாசலில் வேறொருவர் கூடை நிறையத் துணியோடு நிற்கிறார். அவசரமாம்.

வாசகரே, கதைக்கு முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஓர் உபகாரம். அவரை நாளைக்கு வரச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் மழுப்ப வேண்டாம். கடைக்காரம்மா அழுதுகொண்டிருக்கிறார் என்றே சொல்லிவிடுங்கள்.