தொண்ணூற்று நாலு மணி நேரம்

கோச் தன் புரோட்டீன் டப்பாவை என் மேசைமேல் கவிழ்த்தான். முதலில் வெனிலா வாசனையோடு வெள்ளையாக ஒரு தூசி எழும்பியது. அதற்குப் பின்னால்தான் ரசீதுகள் விழுந்தன. அடுத்தடுத்து மூன்று தும்மல் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். ரசீதுகளுக்கு அடியில், நான்காக மடித்தபடி, வரி அலுவலகத்தின் கடிதம் ஒன்று கிடந்தது. பிரிக்காமலே விஷயம் புரிந்தது. நல்ல செய்திக்கு அவர்கள் அவ்வளவு கனமான தாள் போடுவதில்லை.

“இது எப்ப வந்துச்சு?”

“ஒம்பது நாள் ஆச்சுக்கா.”

“ஒம்பது நாளும் டப்பாக்குள்ளயா இருந்துச்சு?”

“பாத்தாலே பயமா இருந்துச்சு. அதான் போட்டு மூடி வச்சிட்டேன்.”

நூற்றிருபது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவன் சொன்ன பதில் இது.

நான் கணக்குப் பார்ப்பவள். ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு வெளியே வந்து, வீட்டு மாடியறையில் சொந்தமாக ஆரம்பித்தபோது முதலில் வந்தவர் ஒரு நீச்சல் பயிற்சியாளர். அவர் சொல்லி யோகா டீச்சர் வந்தார், யோகா டீச்சர் சொல்லி டென்னிஸ் சொல்லிக்கொடுப்பவர், அவர் சொல்லி ஒரு குத்துச்சண்டைக்காரர். இப்படியே போய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிற எனக்கு வாய்த்தவர்கள் எல்லாரும் உடம்பை வைத்துப் பிழைக்கிறவர்களாகவே ஆகிவிட்டார்கள். நல்ல ஜனங்கள். நேரத்துக்கு வருவார்கள், என் ஃபைல் பெட்டிகளை ஒற்றைக் கையால் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரே குறை, பத்துக்கு மேல் எண்ணிப் பழக்கமில்லை. பத்து வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். கோச் சென்ற வருஷம் வாழைப்பழத்தைத் தொழில் செலவில் எழுதச் சொன்னான். சாப்பிட்டால்தானே தூக்க முடியும் என்பது அவன் வாதம். அப்படியானால் நான் என் மூட்டுவலித் தைலத்தை எழுதலாமே என்றேன். எழுதுங்கக்கா, யார் கேட்கப்போறா என்றான்.

இப்போது கேட்டிருந்தார்கள். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். அவர்கள் கேட்டு அவன் அனுப்பியிருந்த பயிற்சி டைரியின் நகலை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். டைரியில் இருக்கும் மணி நேரத்துக்கும் கணக்கில் காட்டிய வருமானத்துக்கும் தொண்ணூற்று நாலு மணி நேரம் உதைக்கிறது. பதினான்கு நாளுக்குள் நேரில் விளக்கம் தராவிட்டால் அபராதம். அதோடு முந்தைய மூன்று வருஷக் கணக்கையும் தோண்டுவார்கள். அப்படித் தோண்டினால் ஒன்றும் கிடைக்காது, எனக்குத் தெரியும். ஆனால் அது முடிவதற்குள் அவன் புதிதாக எடுத்திருந்த பயிற்சிக்கூடத்தின் வாடகை அவனை விழுங்கிவிடும். மறுபடி பெரிய ஜிம்மில் சம்பளத்துக்கு நின்று, அடுத்தவர் துடைத்துப் போட்ட துண்டை எடுத்து மடிக்க வேண்டியதுதான்.

அவன் கையோடு கொண்டுவந்திருந்த டைரியைப் புரட்டினேன். தொண்ணூற்று நாலைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. செவ்வாயும் வெள்ளியும், காலை ஆறு மணி, வருஷம் முழுக்க ஒரே வார்த்தை: ‘சொந்தம்’.

“யாருப்பா இது?”

“சொந்தக்காரங்கக்கா. எப்படிக் காசு வாங்குறது?”

“அதான், யாரு?”

“ஒரு மாமா.”

“எந்த வழியில மாமா?”

அவன் மின்விசிறியைப் பார்த்தான். “அக்கா வழியில.”

“நீ வீட்டுக்கு ஒரே பிள்ளைதானே. உன் குடும்ப விவரத்தை எழுதினதே நான்தான்.”

இரண்டு கையாலும் காலி டப்பாவை உருட்டிக்கொண்டே இருந்தான். காது மடல் சிவந்துவிட்டது. “யோசிச்சுச் சொல்றேன்கா” என்று எழுந்தவன், படி இறங்கிப் போன வேகத்தில் டப்பா மூடியை விட்டுவிட்டுப் போனான்.

எனக்கு மனசு கசந்தது. நாலு வருஷமாக என்னிடம் ஒரு பைசா மறைக்காதவன். கையில் காசு வாங்கிக்கொண்டு கணக்கில் காட்டாமல் விட்டிருக்கிறானோ என்ற நினைப்பு வந்ததும், அந்தக் கணக்குக்குக் கீழே இருக்கும் என் கையெழுத்தும் கூடவே ஞாபகம் வந்தது.

மறுநாள் அவனுடைய பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். விளக்கத்தோடு கருவிகளின் பட்டியலும் தேய்மானமும் கேட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் கிடங்காக இருந்த நீளமான அறை அது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, தரையெல்லாம் கறுப்பு ரப்பர். நான் எழுதிக்கொண்டே நகர்ந்தேன். இரும்புத் தட்டுகள், பழையது. குத்துப்பை, ஒன்று. பெஞ்சுகள், நாலு, அவன் மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து வாங்கியவை. பஞ்சு பிதுங்கிக்கொண்டு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இப்போது நாலும் கருநீலத்தில் புத்தம் புதிதாக மின்னின. ரிப்பேர் செலவென்று ஒரு ரசீதும் அந்த டப்பாவில் வரவில்லையே என்று குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

மூலையில் தையல் திரும்புகிற இடத்தில் மூன்று தையல் பின்னால் போய், பிறகு முன்னால் வந்திருந்தது. ஓரத்துப் பட்டையின் இணைப்பு கண்ணில் படாமல் இடது பக்கத்து அடியில் ஒளிந்திருந்தது. என் வீட்டு சோபாவில் அப்படித்தான் இருக்கிறது. என் கைப்பையில், என் அலுவலக நாற்காலியில், எங்கள் மகள் கல்யாணமாகிப் போகும்போது கொண்டுபோன பெட்டியின் உறையில், எல்லாவற்றிலும் அப்படித்தான். மூலையில் மூன்று தையல் திரும்பிப் போகிறவர் இந்த ஊரில் ஒருவர்தான். அவரோடு நான் இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

கோச் கண்ணாடியைத் துடைப்பதுபோல எனக்கு முதுகைக் காட்டி நின்றான். ஆனால் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா வழியில மாமா” என்றேன்.

அங்கே கிடந்த பெரிய ரப்பர் பந்தின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான். “சத்தியம் வாங்கிட்டாருக்கா. நான் என்ன பண்றது?”

என் கணவர் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவர். எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் அவருடைய பட்டறை. என்னிடம் வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் மாடிப்படி ஏற வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் விடிகாலையில் மொத்தக் கடையில் ரெக்சின் சரக்கு இறங்குகிறது, முதலில் போனால் நல்ல சுருள் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு வருஷத்துக்கு மேலாக அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கம்பெனியின் கணக்கில் நாலு லிட்டர் டீசல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவள்.

அன்று மதியம் பட்டறைக்குள் போனேன். அவர் ஒரு பின்சீட்டைக் கவிழ்த்து வைத்து, கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் டைரியைத் திறந்து மெஷின்மேல் வைத்தேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு குறடைக் கீழே வைத்தார்.

“அந்தப் பய சொல்லிட்டானா?”

“பெஞ்சு சொல்லிச்சு.”

லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உட்காரு என்றார். கவிழ்த்திருந்த சீட்டின்மேலேயே உட்கார்ந்தேன்.

“போன வருஷத்துக்கு முந்தின வருஷம், உனக்கு வரிக்கணக்குக் கடைசித் தேதி வாரம். சாக்பீஸ் உருண்டு மேசைக்கு அடியில போயிடுச்சு. எடுக்கலாம்னு தரையில உக்காந்தேன். எந்திரிக்க முடியல. வலியெல்லாம் இல்ல. காலு ரெண்டும் எனக்கு இல்லாத மாதிரி இருந்துச்சு. நாப்பது நிமிஷம்.”

“நான் மேலதானே இருந்தேன்.”

“ஆமா. கேட்டுட்டுதான் இருந்தேன். உன் கால்குலேட்டர் பேப்பர் ஓடுற சத்தம் கேட்டுச்சு. யோகா டீச்சர்கூட போன்ல சிரிச்சுட்டு இருந்தே.”

“ஒரு குரல் குடுத்திருந்தா?”

“வந்திருப்பே. அதுக்கப்புறம் என்னைத் தனியா விட்டிருக்கவே மாட்டே.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. கடைசியில் மெஷின் காலைப் பிடித்து, மேசை விளிம்பைப் பிடித்து எழுந்திருக்கிறார். மறுநாள் கோச் மாடிக்கு வரும்போது நிறுத்தி, தரையிலிருந்து எழுந்திருக்க மட்டும் சொல்லிக்கொடுப்பியா என்று கேட்டிருக்கிறார். வேறு ஒன்றும் வேண்டாம், தசையெல்லாம் வேண்டாம், விழுந்தால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவன் காசு வாங்க மறுத்திருக்கிறான். இவர் சும்மா வாங்கிக்கொள்ள மறுத்திருக்கிறார். அப்படித்தான் நாலு பெஞ்சுக்கும் உறை வந்தது. நான் அந்த நாற்பது நிமிஷத்தில் என்ன ஜோக்குக்குச் சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அழுகை வரும்போல் இருந்ததால் தொழில் பேச்சை எடுத்தேன்.

“நீங்க ரெண்டு பேரும் பண்ணினது பண்டமாற்று. உழைப்புக்கு உழைப்பு. அதுவும் வருமானம்தான். அவன் கணக்குலயும் இல்ல, உங்க கணக்குலயும் இல்ல. ரெண்டுலயும் கையெழுத்து என்னுது.”

“சொந்தம்னே எழுதிடேன். அதுல ஒரு பொய்யும் இல்லையே.”

கோச்சும் சாயந்திரம் வந்து அதையேதான் சொன்னான். நாலு பெஞ்சு உறைக்காக யாரும் கோட்டையைப் பிடிக்கப் போவதில்லை, சும்மா சொல்லிக்கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றான். எழுதியிருக்கலாம். ஒரு ராத்திரி அதை நினைத்தபடி படுத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதிகாரி என்னை மாதிரியே ஒருத்தியாக இருந்து, பெஞ்சைக் குனிந்து பார்த்துவிட்டால்? அதைவிட, இந்தத் தொழிலில் எனக்கு இருப்பது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினேன். கோச்சுக்குத் தொண்ணூற்று நாலு மணி நேரத்துக்கான தொகை வரவு. பெஞ்சு உறைக்கும் அதே தொகை செலவு. கழித்தால் பூஜ்யம். ஒன்றும் கட்ட வேண்டாம். என் கணவருக்கு உறை தைத்தது வரவு. பதிலுக்கு வாங்கிய பயிற்சி சொந்த உடம்புக்கு. அதைக் கழிக்க முடியாது.

“அப்படின்னா வரி கட்டப்போறது நானா?” என்றார் அவர்.

“நீங்க மட்டும்தான்.”

“குனிஞ்சு நிமிந்ததுக்கா?”

“குனிஞ்சு நிமிந்ததை மறைச்சதுக்கு.”

கோச் சிரித்தான். நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

இது எப்படி முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் ஃபைலை மூடினார்கள். கோச்சுக்கு அபராதம் இல்லை. அறையும் கைவிட்டுப் போகவில்லை. என் கணவர் வரியும் தாமதக் கட்டணமும் சேர்த்து, ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்குகிற அளவுக்குக் கட்டினார். எனக்கு, இனிமேல் கவனமாக இருக்கும்படி ஒரு கடிதம் வந்தது. அதுவும் கனமான தாள்தான். ஆனால் பதினான்காவது நாள் காலையில், வரி அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், டோக்கனைக் கையில் பிடித்தபடி மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

அதிகாரி முப்பது வயதுப் பெண். சிரிக்காத முகம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்திருந்தார். நான் எழுதிக்கொண்டுபோன நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, கோச்சைப் பார்த்தார்.

“இதை அப்பவே ஏன் கணக்குல காட்டல?”

“அக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னு மாமா சொன்னாரு மேடம்.”

பேனாவால் என்னைக் காட்டினார். “தெரியக்கூடாத அக்கா நீங்களா?”

“ஆமா.”

“நீங்கதான் ரெண்டு பேருக்கும் கணக்கு பாக்குறீங்க.”

“ஆமா.”

அவர் வாயோரத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. உடனே பக்கத்தைத் திருப்பிவிட்டார். “உறை தச்சதுக்கு போட்டோ இருக்கு. சரி. தொண்ணூத்தி நாலு மணி நேரம் பயிற்சி நடந்ததுக்கு என்ன அத்தாட்சி? இந்த நேரத்துல காசு குடுத்த வேற யாரோ வந்திருக்கலாம் இல்லையா?”

நான் டைரியைக் காட்டினேன். டைரியை யாரும் எழுதலாம் என்றார். கோச் என்னைப் பார்த்தான். நான் மேசையில் என் நாலு பக்கங்களைப் பார்த்தேன். அவற்றில் எதிலும் இதற்குப் பதில் இல்லை.

என் கணவர் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு எங்கள் நாற்காலிகளுக்கும் பின்னால் நின்றவர்களின் வரிசைக்கும் நடுவே இருந்த இடத்தில் மெதுவாக உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார்.

“சார், என்ன பண்றீங்க?”

“ஒரு நிமிஷம்மா. யாரும் தொடாதீங்க.”

கோச் பாதி எழுந்தவன் அப்படியே நின்றான். என் கைகள் என்னைக் கேட்காமல் நீண்டன. அவற்றை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் இடது பக்கம் புரண்டார். முழங்கையை ஊன்றினார், பிறகு உள்ளங்கையை. கோச்சின் உதடு சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றிருந்தவர்கள் டோக்கனோடு ஓரடி பின்னால் நகர்ந்து வழி விட்டார்கள். பக்கத்து மேசைக் குமாஸ்தா, முத்திரைக் கட்டையைத் தூக்கிய கையோடு எட்டிப் பார்த்தார். வலது பாதம் தரையில் தட்டையாகப் பதிந்தது. மேசை மறைத்ததால் அதிகாரி எழுந்து நின்று, இரண்டு கையையும் என் நாலு பக்கங்களின்மேல் ஊன்றிக் குனிந்தார். என் கணவர் தரையிலிருந்து உள்ளங்கையை எடுத்தார். எதையும் பிடிக்காமல் இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருக்க, அவருடைய இடது முழங்கால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது.