டொபிக்கு யார் முடி வெட்டுவது?

1

இது என் கதையல்ல. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும், எனக்கு அக்கா மாதிரியான ஜெமீலா ராத்தாவின் கதை. "எழுதட்டா?" என்று கேட்டேன். "எழுது புள்ள. ஆனா வாசிக்கிறவங்க அழுற மாதிரி எழுதாத" என்றார்.

அந்த நிபந்தனையால்தான் மூன்று தொடக்கங்கள் வீணாகின.

"சாய்ந்தமருதுக் கடற்கரையில் அன்று காற்று..." (காற்றுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பும் இல்லை.)

"இத்தனை வருடம் ஒரு பெண் மனதுக்குள் பூட்டி வைத்திருந்த..." (அழ வைக்கப் பார்க்கிறேன். வேண்டாம்.)

"நாய் என்பது..." (இது பாடசாலைக் கட்டுரை.)

நாலாவதைத்தான் வைத்துக்கொண்டேன்.

2

நல்லரெத்தினம் ஐயாவின் கையை அவர் வளர்த்த நாயே கடித்தது.

ஐயா பாண்டிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர். மகள் சுஜித்தா என்னோடு ஒரே பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறார். மகன் வினோஜ் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது தன்னுடைய சுருள்முடி நாயை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். பெயர் டொபி. பால் தேத்தண்ணி நிறம். மனைவி இறந்த பிறகு ஐயா வாய் திறந்து கதைப்பதெல்லாம் டொபியோடுதான். காலையில் பத்திரிகையைக்கூட அதற்குத்தான் வாசித்துக் காட்டுவாராம்.

ஊர் நாய்களுக்கு முடி தானாக உதிரும். இந்தச் சாதிக்கு உதிராது. வளர்ந்து சுருண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கடல் மணலும் உப்புக் காற்றும் சேர்ந்து ஏழே மாதத்தில் டொபியின் முடியைத் தடித்த கம்பளி மாதிரி ஆக்கிவிட்டன. சந்தைப் பக்கம் முடிவெட்டும் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். காது நுனியில் வெட்டு விழுந்தது. அன்றிலிருந்து கத்தரிக்கோல் சத்தம் கேட்டாலே உறுமல். அறுகம்பேயில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நன்றாக வெட்டுவாள் என்று கேள்விப்பட்டு சுஜித்தா அழைத்துப் பார்த்தார். சுற்றுலாச் சீசன் முடிந்து அவள் நாட்டுக்குப் போய்விட்டாள். கொழும்பில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் டொபி வாகனத்தில் ஏறிய பத்தாவது நிமிடத்தில் சத்தி எடுக்கும். கொழும்பு முழு நாள் பயணம்.

கடைசியில் ஐயாவே ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றுதான் கடி.

"முடிக்குக் கீழ தோல் புண்ணாகிட்டு" என்றார் மிருக வைத்தியர். "மயக்கி வழிக்கலாம். ஆனா இதுக்கு இதயம் பலவீனம், எனக்குப் பயமாயிருக்கு. தொழில் தெரிஞ்ச ஒரு ஆளப் பிடிங்க."

பிடிப்பதற்கு ஆள் இல்லை. ஐயாவின் கையில் ஐந்து தையல். டொபியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் சுஜித்தா. ஐயா மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பத்திரிகையைப் பிரிக்கவுமில்லை.

3

வைத்தியரிடமிருந்து திரும்பும் வழியில், தவணைப் பரீட்சைத் தாள்களைத் தந்துவிட்டுப் போக சுஜித்தா என் வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்தினார். டொபி பின்னாசனத்தில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. நான் தள்ளித்தான் நின்றேன்.*

* நாங்கள் வீட்டில் நாய் வளர்ப்பதில்லை. எங்கள் மார்க்கப்படி அதன் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. வெறுப்பில் தள்ளி நிற்பதில்லை. நானும் சின்ன வயதிலிருந்து அப்படி நின்று பழகியவள், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து ஜெமீலா ராத்தா என்னிடம் வாங்கிய சட்டியைத் திருப்பித் தர வந்தார். ஓட்டோவுக்குள் பார்த்தார். சுஜித்தா தடவித் தடவி அழுதுகொண்டிருந்தார்.

"தங்கச்சி, மேலால தடவாதீங்க. அடியில தோலோட இழுபடும். அதுக்கு நோகும்" என்றார் ராத்தா. பிறகு, தன்னை மறந்தவர் மாதிரி, "தண்ணியும் வாக்கப்படாது. நனைஞ்சா இன்னும் இறுகிரும். மெஷினுக்குக் கட்டை பிளேடு போட்டு, கழுத்துல தொடங்கி, தோலோட ஒட்டி எடுக்கணும்" என்றார்.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம். சட்டியை என் கையில் திணித்துவிட்டு விறுவிறென்று போய்விட்டார்.

4

[இந்த இடத்தில் ஒரு எழுத்தாளர் தன் பாத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டும். சந்தேகித்தேன். சாய்ந்தமருதில், மீன்பிடிக்கிறவரின் மனைவிக்கு, இதெல்லாம் எப்படித் தெரியும்? வாசகர் நம்பமாட்டார் என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன்.]

அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் ராத்தாவே வந்தார்.

"குவைத்துல நான் சலூன்ல வேல செஞ்சன் எண்டு சொன்னேனே."

"ஓம். கல்யாணப் பொண்ணுக்குத் தல சோடிக்கக் கேட்டு வருவாங்களே. நீங்கதான் ஒருத்தருக்கும் செஞ்சு குடுக்கிறல்ல."

"எப்புடிச் செய்ற? அது நாய் சலூன் புள்ள."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவருக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடிந்தபோது அவர் கண் நனைந்திருந்தது. (மன்னியுங்கள் ராத்தா, இது உண்மையில் நடந்தது.)

வீட்டு வேலைக்கென்று போனவரை, அந்த வீட்டு மேடம் தன்னுடைய நாய்ச் சலூனுக்கு மாற்றியிருக்கிறார். சுத்தம் செய்ய வந்தவர் இரண்டு வருடத்தில் கத்தரிக்கோல் பிடித்தார். மொத்தம் ஒன்பது வருடம். அவருடைய கைக்காகவே வாடிக்கையாளர்கள் நாட்களைக் குறித்து வைத்து வருவார்களாம். ஊருக்கு வந்ததும் "சலூன்" என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி மணப்பெண்களின் உம்மாக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இவர் தலைவலி, கைவலி என்று சொல்லித் தப்பினார். "ஜெமீலாவுக்கு வெளிநாட்டுப் பெரும" என்று பெயரும் வாங்கினார்.

"காக்காவுக்கு?" என்று கேட்டேன். அவருடைய கணவர் சரீபைச் சொன்னேன்.

"அவருக்கும் தெரியா." எழும்பி வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்த நாய் இன்னும் ரெண்டு கிழம தாங்காது. எனக்குத் தெரியும். தெரிஞ்சிட்டு எப்புடிச் சும்மா இரிக்கிற?"

5

சனிக்கிழமை காலை பாண்டிருப்புக்குப் போனோம். துவாயில் சுற்றிய பொட்டலம் ஒன்று ராத்தாவின் மடியில். குவைத்தில் பிடித்த கத்தரிக்கோலும் முடிவெட்டும் மெஷினும் அலுமாரிக்குள் அடியில் கிடந்தனவாம்.

ஐயா கட்டுப்போட்ட கையோடு கதிரையில் இருந்தார். டொபி கட்டிலுக்கடியில் உறுமியது. ராத்தா கையுறையை மாட்டிக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டி நிலத்தில் உட்கார்ந்தார். அரை மணித்தியாலம் ஒன்றும் செய்யவில்லை. மெஷினை மட்டும் ஓடவிட்டுத் தன் பக்கத்தில் வைத்திருந்தார். பிறகு மெதுவாக, "தஆல், ஹபீபி, தஆல்" என்றார்.

"என்ன பாஷ அது?" என்று ஐயா கேட்டார். மூன்று நாளில் அவர் பேசிய முதல் வார்த்தை என்றார் சுஜித்தா.

"அறபி ஐயா. வா செல்லம் எண்டு கூப்பிடுறன். நாயோட கதைக்க எனக்குத் தமிழ் வராது."

டொபி வந்தது. முகர்ந்தது. ராத்தாவின் முழங்காலில் தாடையை வைத்தது.

அதற்குப் பிறகு நான் பார்த்தது இன்னொரு ஜெமீலாவை. மெஷின் சூடாகிறதா என்று நொடிக்கொரு தரம் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தார். அக்குளில் வந்தபோது தோலை இரு விரலால் விரித்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அரிசி அகலம் அகலமாக எடுத்தார். காதை வளைந்த கத்தரிக்கோலால் செய்தார். ஒரு தரம் டொபி பல்லைக் காட்டியது. கையை இழுக்காமல், அது முடிக்கும்வரை அப்படியே இருந்தார். மூன்று மணித்தியாலத்தில் முடி முழுவதும் ஒரே துண்டாக, கழற்றிய சட்டை மாதிரி வந்தது. உள்ளே இளஞ்சிவப்புத் தோல், நாலைந்து புண், தொடையில் ஏறியிருந்த ஒரு நெருஞ்சி முள்.

முள்ளை எடுத்ததும் டொபி உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு முற்றத்தைச் சுற்றி ஓடியது. ஓடி வந்து ஐயாவின் மடியில் ஏறியது.

"இவ்வளவு சின்னனா இவன்?" என்றார் ஐயா. கட்டுப்போட்ட கையாலேயே தடவினார். "பாவம், எவ்வளவத்தச் சுமந்துகொண்டு திரிஞ்சிருக்கான்."

6

(திரும்பி வந்தபோது சரீப் காக்கா கிணற்றடியில் நின்றார். முகம் கறுத்திருந்தது. "நாய்க்கு முடி வெட்டவா உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பினேன்?" என்று கத்தியபடி பொட்டலத்தைப் பிடுங்கி—)

நிறுத்துகிறேன். இது என் முதல் பிரதியில் இருந்தது. கதைக்கு ஒரு கோபக்காரர் தேவை என்று நானாக அவரைப் பிடித்துக் கோபப்பட வைத்தேன். அவர் செய்யாததைச் செய்ததாக எழுதிவிட்டு அவர் பிடித்த மீனைக் கறிவைத்துச் சாப்பிடுகிறேன் என்ற நினைப்பு வந்தது. கிழித்துவிட்டேன்.

கிணற்றடியில் நின்றது உண்மை. ஓட்டோக்காரர் மூலம் செய்தி கடற்கரைக்குப் போய், யாரோ சிரித்துக்கொண்டே அவர் காதில் போட்டதும் உண்மை. ராத்தாவின் கால்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. நானும் நின்றேன்.

காக்காவுக்குப் பக்கத்தில் ஒரு வாளி. அதில் மண்.

"சுத்தமான மண். வளவுக்குப் பின்னால தோண்டி எடுத்தன்" என்றார். "கைய நீட்டு. நான் தண்ணி வாக்கிறன்."

ராத்தா பொட்டலத்தை நிலத்தில் வைத்தார். "ஆரு சொன்ன?"

"இண்டைக்கு ஆக்கள் சொன்னாங்க. எனக்கு நீ வந்த வருசமே தெரியும். அலுமாரிக்குள்ள அந்தக் கத்தரிக்கோலக் கண்டன். பொம்புளட தலைக்கு அப்புடி வளஞ்ச கத்தரி என்னத்துக்கு?"

"ஏன் கேக்கல்ல?"

"உனக்கு வெக்கமாக்கும் எண்டு இருந்தன். நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்தன்." வாளியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து ராத்தாவின் உள்ளங்கையில் வைத்தார். "நான் நாள் முழுக்க மீன் செதிலோட வாறன். நீ ஒரு நாளும் மூக்கப் பொத்தினதில்லையே."

ஏழு தடவை கழுவினார்கள். அவர் எண்ணினார். நாலாவதில் ராத்தா சிரிக்கத் தொடங்கினார். எண்ணிக்கை தவறி, முதலிலிருந்து கழுவினார்கள்.

7

முடிவுக்கு வருகிறேன். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஊர் முழுவதும் மெச்சியது என்று ஒன்று. ஊர் ஒரு மாதம் கதைத்து ஓய்ந்தது என்று இன்னொன்று. இரண்டும் பாதிப் பாதி உண்மை. ஆகவே இரண்டையும் விட்டுவிட்டு, நேற்றுப் பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன்.

ஐயா தன் வீட்டுப் பின்பக்கத்தில் வெறுமனே கிடந்த அறையை ராத்தாவின் முடிவெட்டும் வேலைக்குத் திறந்து கொடுத்திருக்கிறார். சுஜித்தா யாரிடமோ ராத்தாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். நாங்கள் ராத்தாவின் வீட்டு முற்றத்தில் இருந்தபோது ராத்தாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம், போன வருடம் தன் மகளுக்குத் தலை சோடிக்கக் கேட்டு வந்த பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எடன்" என்றார் சரீப் காக்கா.

எடுத்தார். பொத்துவிலிலிருந்து யாரோ. சுருள்முடி நாய் ஒன்று, எட்டு மாதமாக ஆள் தேடுகிறார்களாம். "நீங்க யாரு கதைக்கிற?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"ஜெமீலா கதைக்கிறன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமல் இன்னொரு வசனம் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்பு உதறும் சத்தம் நின்றது. அந்த வசனத்தை நான் கேட்டேன். எழுதமாட்டேன். இத்தனை வருடமாக அவர் ஊர் கேட்கச் சொல்லாததை என் கையெழுத்தில் போட எனக்கு மனமில்லை. இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

"நான் ........................................"

அதற்கடுத்ததை மட்டும் அப்படியே தருகிறேன்:

"ஓம் ஓம். நாளைக்குக் காலத்தால பாண்டிருப்புக்குக் கொண்டு வாங்க. பயப்புடாதீங்க, நான் பாத்துக்கிறன்."